மாத்தளை வயல்களும் இளவயதுப் பாரிசவாதமும்

பாரிசவாதம் முதுமைக்குரிய நோய் என்பது பொதுவான எண்ணம். ஆயின், இருபது முப்பது வயதினரும் அதற்கு இலக்காவதுண்டு. அவ்வேளைகளில் குருதியமுக்கம், நீரிழிவு ஆகிய வழமையான காரணங்களுக்கு அப்பாலும் தேட வேண்டியுள்ளது. இதயவால்வு நோயும் மகப்பேற்றின் பின் மூளை நாளங்களில் தோன்றும் குருதிக்கட்டியும் அத்தகைய காரணங்களுட் சில. அவற்றினும் அரிதாய், வயல்நிலத்தோடு பிணைந்ததாய் விளங்குவது கண்ணாடிப் புடையனின் கடியாகும்.

மாத்தளை மாவட்டத்தின் தென்பகுதி மலைத்தோட்டங்களைக் கொண்டது. வடக்கே நாவுல, கலேவெல, தம்புள்ளை ஆகியன உலர்வலயத்தைச் சார்ந்த நெல்வயற் பிரதேசங்கள். 19ஆம் நூற்றாண்டில் மன்னார்க் கரையில் இறங்கிய தமிழகத் தொழிலாளர் தம்புள்ளைக் காடுகளினூடாக நடந்தே மாத்தளையின் கோப்பித் தோட்டங்களை அடைந்தனர். வழியில் மாண்டோர் பலர். கைகால் ஒருபுறம் செயலிழந்து வீழ்ந்த இளைஞனுக்கு நேர்ந்தது யாதெனப் பிரித்தறியும் வழி அன்றிருக்கவில்லை. அதே உலர்நிலத்தில், நெல் விளைவிக்கும் உழவன் வெறுங்காலுடன் புடையனை எதிர்கொள்கின்றான்.

இப்பாம்பைப் பற்றிய நவீன ஆய்வு சோழமண்டலக் கரையில் தொடங்கிற்று. ஸ்கொட்லாந்து மருத்துவரான பற்றிக் றசல் அக்கரையின் பாம்புகளை ஆராய்ந்து 1796இல் நூலொன்றை வெளியிட்டார். புடையனின் விலங்கியற் பெயரும் அவர் பெயரையே தாங்கியுள்ளது. இதன் விடம் குருதியை உறையச் செய்யும் இயல்பினது என்பது பின்னர் புலனாயிற்று. 1934இல் மக்பார்லேன், பார்னெற் ஆகிய இருவரும் இவ்வியல்பைக் கொண்டு, குருதி உறையாக் குறைபாடுடையோரின் இரத்தப்பெருக்கை நிறுத்த முயன்றனர்.

விடத்தின் இருமுகத் தன்மை இங்கு நோக்கற்பாலது. அதிலுள்ள நொதியங்கள் ஐந்தாம், பத்தாம் உறைதற் காரணிகளைத் தூண்டுகின்றன. அதனால் உறைவு தோன்றுகின்றது. காரணிகள் செலவழிந்த பின்னரோ குருதி உறையமாட்டாது கசிகின்றது. கசிவு கண்ணுக்குப் புலப்படுவது; மூளை நாடியை அடைக்கும் உறைவோ புலப்படாதது. மேலும், இலங்கைப் புடையனின் விடம் நரம்புகளையும் தாக்கி இமைகளைச் சரியச் செய்வதால், கைகாலின் தளர்ச்சியும் அவ்விளைவின் ஒரு பகுதியெனக் கருதப்பட இடமிருந்தது. ஆயின், இமைச்சரிவு இருபுறமும் தோன்றுவது. பாரிசவாதம் பெரும்பாலும் உடலின் ஒருபுறத்தையே தாக்குவது.

இவ்வேறுபாட்டை உறுதிசெய்ய மூளையின் உட்படம் வேண்டியிருந்தது. சி.ரி. கருவி 1971இல் இலண்டனிலேயே முதன்முறையாக நோயாளியொருவருக்குப் பயன்பட்டது. இலங்கையில் புடையன் கடியால் நேர்ந்த பாரிசவாதங்களைத் தொகுத்து, பேராதனையைச் சேர்ந்த கவரம்மனவும் சகாக்களும் 2009இல் கட்டுரை வெளியிட்டனர். றசலின் நூலுக்கும் இதற்கும் இடையே இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேல் கழிந்திருந்தன.

இவ்வரலாற்றில் வியப்புக்குரிய திருப்பமொன்றும் உண்டு. இளையோரிடம் பாரிசவாதத்தை விளைவிக்கும் மற்றோர் அரிய நோயை 1983இல் கிரகாம் ஹியூஸ் விளக்கினார். அதில் உடலே உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் குருதிக்கட்டிகள் தோன்றக் காரணமாகின்றன. அவற்றைக் கண்டறிய, ஐதாக்கப்பட்ட புடையன் விடத்தைக் கொண்டு செய்யும் சோதனையைத் தியாகராஜனும் சகாக்களும் 1986இல் வெளியிட்டனர். வயலில் இளைஞனை வீழ்த்தும் அதே விடம், ஆய்வுகூடத்தில் இன்னோர் இளைஞனின் நோய்க்காரணத்தைக் காட்டித் தருகின்றது.

எனினும், ஆய்வுகூடத்தின் பயன் வயலையும் எட்ட வேண்டும். குடும்பத்துக்கு உழைக்கும் இளைஞனின் வலக்கை செயலிழப்பின் அக்குடும்பமே தளர்ந்துவிடும். கடிவாயைக் கீறுதலும் இறுகக் கட்டுதலும் தீங்கையே கூட்டுவன. கடியுண்டவரை அசையாதிருக்கச் செய்து விரைந்து வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே தக்கது. பேச்சுக் குழறினாலோ ஒருபுறம் தளர்ந்தாலோ, அதனை விடத்தின் மயக்கமென விட்டுவிடாது உடனே மருத்துவருக்கு உரைத்தல் வேண்டும். இரு நூற்றாண்டுகள் கண்ணுக்குப் புலப்படாதிருந்த ஒன்றை, இனியேனும் காலத்தாற் காண்பதற்கு அதுவே வழியாகும்.