வந்தவாசிச் சீமை: ஏரியும் கோட்டையும் பொன்னூர் மலையும்

வந்தவாசி என்றவுடன் பள்ளிப் பாடநூல் பயின்றோர் நினைவில் எழுவது 1760ஆம் ஆண்டுப் போரே. ஒரே நாளில் முடிந்த அப்போரினால்தான் இவ்வூரின் பெயர் கடல் கடந்தும் அறியப்பட்டது. ஆனால் இச்சீமையில் உழுது வாழ்ந்த மக்களுக்கு ஆண்டுகள் வேறுவிதமாக எண்ணப்பட்டன: ஏரி நிரம்பிய ஆண்டு, ஏரி நிரம்பாத ஆண்டு.

சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 110 கி.மீ. தொலைவில் உள்ளது வந்தவாசி. வடக்கே காஞ்சிபுரமும் செய்யாறும், தென்கிழக்கே திண்டிவனமும், மேற்கே சேத்துப்பட்டும் இதன் அண்டை ஊர்கள். 1989 வரை வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. இன்று திருவண்ணாமலை மாவட்டத்தைச் சேர்ந்தது. நிலம் பெரும்பாலும் சமவெளி. இடையிடையே பாறைக் குன்றுகள் தனித்து நிற்கின்றன. வற்றாத ஆறு எதுவும் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரிகளில் தேக்கி வைத்தே பயிர் செய்ய வேண்டும். மேலூர் ஏரியின் கலங்கல் வழிந்து கீழூர் ஏரிக்குச் செல்லும். ஆகவே ஓர் ஊர் தன் ஏரியைப் பேணாவிட்டால் அடுத்த ஊரின் வயலும் காயும். ஊர்கள் ஒன்றையொன்று சார்ந்து வாழ்ந்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

பழந்தொண்டை நாட்டின் கோட்டங்களுள் ஒன்றான வெண்குன்றக் கோட்டம், இங்குள்ள வெண்குன்றத்தின் பெயரால் அமைந்தது. மூன்றாம் நந்திவர்ம பல்லவனுக்கு ‘தெள்ளாறு எறிந்த’ என்னும் சிறப்பைத் தந்த தெள்ளாறும் அருகிலேயே உள்ளது. பொன்னூர், இளங்காடு, வெண்குன்றம், சளுக்கை என ஜினாலயங்களுடன் விளங்கும் சிற்றூர்கள் இதனைச் சூழ்ந்துள்ளன. வடநாட்டுச் சைனர் பெரும்பாலும் வணிகராக இருக்க, தமிழ்ச் சைனர் வேளாண் குடிகளாகவே நிலைத்தனர். ஆகையால் இவர்களுடைய அறத்தின் வரலாற்றை நெல்லின் வரலாற்றிலிருந்து பிரித்துக் காண இயலாது.

இதற்கு வேடல் கல்வெட்டு நல்ல சான்று. முதலாம் ஆதித்த சோழன் காலத்ததாகக் கருதப்படும் இச்சாசனம், விடால் என்னும் அவ்வூரில் வாழ்ந்த குணகீர்த்தி பட்டாரரின் மாணாக்கியாகிய கனகவீரக் குரத்தியாரைக் குறிப்பிடுகிறது. குரத்தியாரையும் அவருடைய மாணவியர் நூற்றுக்கணக்கானோரையும் காத்து உணவளிப்பதாக ஊரார் உறுதி கூறினர். பெண் துறவியர் பள்ளி ஒன்று ஒன்பதாம் நூற்றாண்டில் இவ்வளவு பெரிதாக இருந்தது வியப்புக்குரியது. அத்தனை பேருக்கும் நாள்தோறும் சோறிட முடிந்த ஊரின் ஏரியும் கழனியும் அதனினும் வியப்புக்குரியவை.

பொன்னூர் ஆதிநாதர் ஆலயத்தின் 1733ஆம் ஆண்டுக் கல்வெட்டு மற்றொன்று. அவ்வாலயத்திலிருந்து ஸ்ரீ பார்சுவநாதர், ஜ்வாலாமாலினி அம்மன் திருமேனிகளை ஞாயிறுதோறும் நீலகிரிப் பருவதத்திற்கு, ஏலாசாரியர் வழிபாட்டின்போது எழுந்தருளச் செய்ய வேண்டும் என்று சமண மக்கள் செய்துகொண்ட ஏற்பாட்டை அது கூறுகிறது. நீலகிரி என்பது இன்றைய பொன்னூர் மலை. அங்கே குந்தகுந்த ஆசாரியரின் திருவடிகள் வணங்கப்படுகின்றன. 939இல் இந்திரநந்தி இயற்றிய ஜ்வாலாமாலினி கல்பத்தில் ஹேமகிராமத்து ஹேலாசாரியர் வரலாறு வருகிறது. ஹேமம் என்பது பொன். ஹேமகிராமம் பொன்னூரே என்பது ஆய்வாளர் கருத்து. ஏலாசாரியர் என்னும் பெயர் குந்தகுந்தருக்கும் வழங்குவதால் இருவரையும் ஒருவராகக் கொள்வோர் உண்டு. அவ்வாறு கொள்ளக் கல்வெட்டில் சான்று இல்லை. மலையின் பெருமை அதனால் குறைவதும் இல்லை.

அந்த ஏற்பாட்டைக் கல்லில் பொறித்து 27 ஆண்டுகளே கழிந்த நிலையில், 1760 ஜனவரி 22 அன்று வந்தவாசியில் பீரங்கிகள் முழங்கின. ஆங்கிலத் தளபதி அயர் கூட் வென்றார், பிரெஞ்சுத் தளபதி லாலி தோற்றார், புஸ்ஸி சிறைப்பட்டார். மறு ஆண்டு ஜனவரியில் புதுச்சேரியும் வீழ்ந்தது. இச்சிறு கோட்டைக்கு ஏன் இத்தனை போட்டி? லாலியின் படையினர் ஊதியம் கிடைக்காமல் 1759இல் கலகம் செய்தவர்கள். கோட்டையைப் பிடித்தவர் கைக்குச் சுற்றியுள்ள ஊர்களின் நெல்லும் நிலவரியும் வந்து சேரும். ஏரிப்பாசனத்தின் விளைச்சலே படைகளை இங்கு ஈர்த்தது எனலாம். 1780இல் ஹைதர் அலியின் படை முற்றுகையிட்டபோது லெப்டினன்ட் பிளின்ட் இக்கோட்டையைக் காத்து நின்றார். இன்று அகழியின் பகுதியும் சிதைந்த மதிலுமே எஞ்சியுள்ளன.

கோட்டை அழிந்தும் சந்தை நிலைத்தது. சம்பா, நவரை, சொர்ணவாரி என்று மூன்று பட்டங்களில் விளையும் நெல்லும், மானாவாரியில் விளையும் மல்லாட்டையும் வந்தவாசிக்கே வருகின்றன. அரிசி ஆலைகள் அவற்றால் இயங்குகின்றன. ஊரின் பெயரைத் தமிழகமெங்கும் கொண்டு சென்றது கோரைப்பாய். கோரையைக் கிழித்து, உலர்த்தி, சாயம் தோய்த்து, நூற்பாவில் நெய்யும் இத்தொழிலில் இசுலாமியக் குடும்பங்கள் பல தலைமுறைகளாக ஈடுபட்டுள்ளன. கைத்தறியின் இடத்தை விசைத்தறி பிடித்தது. பின்னர் வந்த பிளாஸ்டிக் பாய் இரண்டையும் நெருக்குகிறது. ஊருக்கு இன்னும் இருப்புப்பாதை இல்லை. வந்தவாசி வழியாகத் திட்டமிடப்பட்ட திண்டிவனம்–நகரிப் பாதை நெடுங்காலமாகக் காத்திருக்கிறது.

கல்வியும் உத்தியோகமும் தமிழ்ச் சைனக் குடும்பங்களைச் சென்னைக்கும் பிற நகரங்களுக்கும் அழைத்துச் சென்றன. அதனைக் குறை கூற இயலாது. ஆனால் ஊரில் இருந்த நிலம் முதலில் குத்தகைக்குப் போனது, பிறகு விலைக்குப் போனது. அந்நிலத்தின் விளைச்சலில் ஒரு பங்கே ஜினாலயத்தின் தினப்பூஜைக்கு உதவி வந்தது. இன்று சில சிற்றூர்களில் உபாத்தியாயர் ஒருவரும் முதியோர் சிலருமே காலைப் பூஜைக்குக் கூடுகின்றனர். விழா நாள்களில் மட்டும் நகரங்களிலிருந்து வரும் வண்டிகள் தெருவை நிறைக்கின்றன. மாலையில் அவை திரும்பிச் செல்லும்போது வழியில் வந்தவாசிக் கடைவீதியில் நின்று, ஒவ்வொரு வீட்டாரும் பாய் ஒன்று வாங்கிக் கொண்டு போகிறார்கள்.