செவிப்புல மூளைத்தண்டு உட்பொருத்தி: தோற்றமும் வளர்ச்சியும்

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் பல ஆண்டுகள் இயந்திர இரைச்சலுக்கு நடுவே உழைத்தவர்களுக்குக் காது மந்தமாவது உண்டு. இரைச்சல் கெடுப்பது உட்செவியின் நத்தைச் சுருளில் உள்ள நுண்மயிர்ச் செல்களை. செவிநரம்பு பெரும்பாலும் வேலை செய்யும் நிலையிலேயே இருக்கும். ஆகவே காது மெஷினோ, கடுமையான நிலையில் காக்ளியர் உட்பொருத்தியோ உதவும். நரம்பே இல்லாமற் போனால் இவை இரண்டாலும் பயனில்லை. அந்த நிலைக்கென உருவானதே மூளைத்தண்டு உட்பொருத்தி.

செவிநரம்பை அழிக்கும் நோய்களில் ஒன்று நியூரோஃபைப்ரோமடோசிஸ் 2. இது மரபணுக் கோளாறு. இதற்குரிய மரபணு 22ஆம் குரோமோசோமில் இருப்பது 1993இல் கண்டறியப்பட்டது. இந்நோயில் இரு பக்கச் செவிநரம்புகளிலும் கட்டி வளரும். அது புற்றுநோய் அன்று. ஆயினும் மூளைத்தண்டை அழுத்தும் அளவுக்கு வளர்ந்தால் உயிருக்கே ஆபத்து. கட்டியை அகற்றும்போது நரம்பும் பெரும்பாலும் போய்விடும். இரண்டாவது காதிலும் அறுவை முடிந்தால் முழுச் செவிடு. இளம் வயதிலேயே இது நேர்ந்துவிடுவதுதான் பெரிய துயரம்.

1979இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், இந்நோய் கண்ட பெண் ஒருவர் மீதமிருந்த கட்டியை அகற்ற வந்தார். அறுவையின்போதே மூளைத்தண்டில் ஒரு மின்முனையை வைத்துப் பார்க்கும்படி அவரே கேட்டுக்கொண்டார். காது மருத்துவர் வில்லியம் ஹவுசும் நரம்பியல் அறுவை மருத்துவர் வில்லியம் ஹிட்செல்பெர்கரும் அதைச் செய்தனர். நூல்கள் மருத்துவர் இருவரின் பெயரையே சொல்கின்றன. துணிந்து கேட்டவர் அந்தப் பெண். அவருக்கு ஒலி கேட்டது. பின்னர் மின்முனை இடம்பெயர்ந்து காலில் உணர்ச்சிகளை எழுப்பியதால், 1981இல் வலைத்துணியில் பதித்த தட்டையான மின்முனைகள் பொருத்தப்பட்டன.

இன்றைய கருவியில் காதருகே உள்ள ஒலிவாங்கியும் செயலியும் ஒலியை மின்குறிப்பாக்கித் தோலடியில் உள்ள ஏற்பிக்கு அனுப்புகின்றன. அங்கிருந்து அது மூளைத்தண்டின் செவிக்கருவின்மேல் அமர்ந்த மின்முனைத் தகட்டைச் சேர்கிறது. புண் ஆறிய சில வாரங்களுக்குப் பின்பே கருவி இயக்கப்படும். ஒவ்வொரு மின்முனையையும் சோதித்து, தலைசுற்றலோ தொண்டைக் கூச்சமோ தருபவற்றை அணைத்துவிடுவர். 21 மின்முனைகள் கொண்ட கருவிக்கு அமெரிக்க அரசு 2000இல் ஒப்புதல் தந்தது. 12 வயதும் அதற்கு மேலும் ஆன இந்நோயாளிகளுக்கு மட்டும்.

‘கேட்கும் திறன் திரும்பியது’ என்று இதைச் சொல்வது மிகை. கட்டி நோயாளிகளில் பெரும்பாலோர் ஒலியை மட்டும் கொண்டு பேச்சைப் புரிந்துகொள்வதில்லை. வண்டி ஹாரனும் அழைப்பு மணியும் தெரியும். உதட்டசைவைப் பார்த்துப் பேச்சை அறிவது எளிதாகும். முழு நிசப்தத்தில் இருந்தவருக்கு அதுவே பெரிது.

தெற்கு, தென்கிழக்கு ஆசியாவில் இந்த அறுவையை முதலில் செய்தவர் என்ற பெருமை சென்னை மருத்துவர் மோகன் காமேஸ்வரனுக்கு வழங்கப்படுகிறது. ஆசியாவில் குழந்தைக்கு முதலில் செய்தவராகவும் அவர் குறிப்பிடப்படுகிறார். கட்டி இல்லாமல், செவிநரம்பின்றியே பிறக்கும் குழந்தைகளுக்கும் இக்கருவியைப் பயன்படுத்தும் வழியை விரிவாக்கியவர் இத்தாலியின் வெரோனா நகர மருத்துவர் விட்டோரியோ கொலெட்டி. இக்குழந்தைகளுக்கு அறுவைக்குப் பின் ஆண்டுக்கணக்கில் பேச்சுப் பயிற்சி தேவை. திருவள்ளூரிலிருந்து சென்னைக்கு மின்சார ரயிலில் தூரம் குறைவுதான். ஒவ்வொரு பயிற்சி நாளும் பெற்றோருக்கு ஒரு நாள் கூலி இழப்பு. நரம்பு இருக்கிறதா என்பதை எம்.ஆர்.ஐ. ஸ்கேன் காட்டிவிடும், எனவே காக்ளியர் அறுவைக்கு முன்பே அது எடுக்கப்படுகிறது.