பாட்டு உண்டு, பாடியவள் பெயர்?

கீரப்பாளையத்து வயல்வெளியிலே நாற்று நட்ட பெண்கள் பாடிய பாட்டை நாம் கேட்டதுண்டு. ஒருத்தி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர் தொடர்வர். குனிந்த முதுகு நிமிராது. குரல் மட்டும் நிமிர்ந்து நிற்கும். பொழுது சாய்ந்தால் கூலியோடு பெண்கள் வீடு திரும்புவர். பாட்டு வரப்போடு நின்றுவிடும். இசை எங்கே வாழ்கிறது என்று கேட்டால், நம் புலவர் பெருமக்கள் சில கல் தொலைவிலுள்ள சிதம்பரத்தைக் காட்டுவர். வயலைக் காட்டியவர் எத்தனை பேர்?

வயலிலே பிறந்த பாட்டு, கடலுக்கு அப்பால் உலகையே கேட்கவைத்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்காவின் தென்பகுதிப் பருத்திக் காடுகளிலே உழைத்த கறுப்பின மக்களின் பாட்டு அது, 'புளூஸ்' என்பர். 1865-இலே சட்டம் அடிமை விலங்கை ஒடித்தது. வாரம், கடன் எனும் புது விலங்கு உடனே பூட்டப்பட்டது. அந்த வேதனையே பாட்டாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் நகரத் தெருக்களிலே வளர்ந்த 'ஜாஸ்' அதன் உடன்பிறப்பு. வேடிக்கையைக் கேளுங்கள்! ஜாஸ் இசைத்தட்டு முதன்முதல் 1917-இலே வெளிவந்தபோது, அதிலே வாசித்தோர் வெள்ளையர். கறுப்பினப் பாடகி மேமி ஸ்மித் புளூஸ் பாடித் தட்டு வெளிவர 1920 ஆயிற்று. உழுதவன் ஒருவன், அறுத்தவன் வேறொருவன்! இந்தக் கதை நமக்குப் புதிதன்று.

ஆயினும் நாம் சொல்ல வந்தது, அந்தப் பாட்டைக் கேட்டு மயங்கிய இரசிகர்களைப் பற்றி. பண்டிதர் ஏளனம் செய்த இசையை ஏட்டிலே ஏற்றியவர்களிலே பலர் இந்த இரசிகர்களே. பால் ஆலிவர் என்ற ஆங்கிலேயர், அமெரிக்க மண்ணை மிதிக்கும் முன்பே, இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே புளூஸ் பற்றி நூல் எழுதினார். 1960-இலே அது வெளிவந்தது. பாட்டிலே வரும் வெள்ளம் எது, இரயில் எது, சிறை எது என்று துருவித் துருவி ஆராய்ந்தார். இராகத்தை அளந்தவர் அல்லர், வாழ்வை அளந்தவர்.

மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற உழவர் 1928-இலே சில பாட்டுகளைத் தட்டிலே பதிந்தார். பொருளாதார நெருக்கடி வந்தது. இசைத்தட்டு வணிகம் சரிந்தது. அவர் மீண்டும் வயலுக்கே போனார். முப்பத்தைந்து ஆண்டுகள்! ஒரு பாட்டிலே தம் ஊர் அவலான் என்று அவர் பாடியிருந்தார். அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டு, நிலப்படத்திலே ஊரைத் தேடி, 1963-இலே டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அங்கே சென்றார். எழுபதை எட்டிய முதியவர் உயிரோடிருந்தார்! அவ்வாண்டே நியூபோர்ட் விழாவிலே பாடினார், 1966-இலே மறைந்தார். மூன்றே ஆண்டுகள், எனினும் பெயர் நிலைத்தது.

நம்மிடமும் இசைக்காதலர்க்குப் பஞ்சமில்லை. மருத்துவத் தொழில் புரிந்த தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இலே கருணாமிர்த சாகரம் தந்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலே தமிழ்ப் பேராசிரியராயிருந்த விபுலாநந்தரின் யாழ்நூல் 1947-இலே வெளிவந்தது. இடையிலே, 1941-இலே, அதே அண்ணாமலை நகரிலே தமிழிசை மாநாடு கூடிற்று. தமிழன் தமிழிலே பாட்டுக் கேட்க மாநாடு கூட்ட வேண்டியிருந்தது என்பது தனிக்கதை!

வயற்பாட்டையும் சிலர் தேடினர். பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி திரட்டிய நாடோடிப் பாடல்கள், கி.வா.ஜகந்நாதன் பதிப்பித்த மலையருவியாக 1958-இலே வந்தன. பின்னர் நா.வானமாமலையின் தொகுப்பு வந்தது. அரும்பணிதான், மறுக்கவில்லை. தொகுத்தவர் பெயரை அறிவோம். பாடியவள் பெயரை அறிவோமா? அவள் எந்தத் தெருவினள், என்ன கூலி வாங்கினாள், யாரிடம் கற்றாள்? ஹர்ட்டுக்கு வாய்த்த இரசிகன் அவளுக்கு வாய்க்கவில்லை.

இன்று நாற்று நட இயந்திரம் வந்துவிட்டது. அதன் இரைச்சலுக்கு யாரும் பாட்டெடுத்துக் கொடுப்பதில்லை. அந்நாளிலே பாடிய கிழவியர் சிலர் இன்னும் திண்ணைகளிலே அமர்ந்திருக்கின்றனர். ஏடும் எழுதுகோலும் எடுத்துச் செல்லும் இளைஞன், பாட்டைக் கேட்குமுன் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: "ஆயா, உங்க பேர் என்ன?"