டிராகன் தாழியும் சூளைத் தொழிலாளரும்

சீனத்து நீலவெண் பீங்கான் பற்றிய எழுத்துகளுட் பல அதன் அழகையும் அருமையையும் வியப்பதோடு நின்றுவிடுகின்றன. நூதனசாலைப் பேழையுள் இருக்கும் கலத்தைச் சுவைஞனின் கண்கொண்டு நோக்குவது இயல்பே. ஆயின், அக்கலத்தின்மீது நெளியும் டிராகன் யாருக்கு உரியது, அதனை வரைந்து சுட்டவர் யாவர் என்னும் வினாக்களும் எழுப்பப்படும்போதே அதன் வரலாறு முழுமை பெறும்.

சீனக் கிராமிய நம்பிக்கையில் டிராகன் மழைக்கும் நீர்நிலைகளுக்கும் அதிபதி. வானம் பொய்த்த காலங்களில் உழவர் அதனையே வேண்டி நின்றனர். மக்களின் இப்படிமத்தை அரசு படிப்படியாகத் தனதாக்கிக்கொண்டது. மொங்கோலியரான யுவான் வமிசத்தினர் 1314இல், ஐந்து நகங்களும் இரு கொம்புகளும் உடைய டிராகனைப் பொதுமக்கள் பயன்படுத்தலாகாதென விதித்தனர். எனினும் மக்களின் வழிபாட்டிலிருந்து டிராகன் மறைந்துவிடவில்லை. பிரித்தானிய நூதனசாலையிலுள்ள, 1351ஆம் ஆண்டு பொறிக்கப்பட்ட சாடி இணையில் டிராகனும் ஃபெங்ஹுவாங் என்னும் தெய்வப் பறவையும் தீட்டப்பட்டுள்ளன. சாங் வென்ஜின் என்பவர் தம் குடும்பத்தின் நலம் வேண்டிக் கோயிலொன்றுக்கு அளித்தவை அவை. ஆக, டிராகன் உருவம் பொதுவாகவே இருந்தது. நகங்களின் எண்ணிக்கையே அதிகாரத்தின் எல்லையைக் குறித்தது.

இக்கலங்களின் பிறப்பிடம் ஜியாங்சி மாகாணத்து ஜிங்தேசென் நகரமாகும். கயோலினும் பீங்கான் கல்லும் கலந்த களியால் வனைந்த கலத்தில், சுடுவதற்கு முன்னரே கோபாற்றுச் சாயத்தால் உருவங்கள் தீட்டப்படும். தொடக்கத்தில் இச்சாயம் பாரசீகத்திலிருந்து பெறப்பட்டது. தீட்டும்போது கருமையாகத் தோன்றுவது, மேற்பூச்சிட்டு ஏறத்தாழ 1,300 பாகை சென்ரிகிறேட்டு வெப்பத்தில் சுட்டபின் நீலமாக மாறும். ஒரு கலம் 72 பேரின் கைகளைக் கடந்தே உருப்பெறுவதாக, 1637இல் வெளிவந்த தமது தொழினுட்ப நூலில் சொங் யிங்சிங் குறிப்பிடுகிறார். அந்த 72 பேருள் ஒருவரின் பெயர்தானும் அரச கலங்களில் இடம்பெறவில்லை. மிங் காலத்து அரச கலங்களின் அடியிற் பொறிக்கப்பட்டது பேரரசரின் ஆட்சிப் பெயரே.

இம்முரண்பாடு வான்லி பேரரசரின் காலத்தில் (1572–1620) உச்சம் அடைந்தது. அரண்மனைக்கெனப் பெரிய டிராகன் தாழிகள் கோரப்பட்டன. அளவிற் பெரிய கலங்கள் சூளையில் வெடிப்பதும் கோணுவதும் இயல்பு. தாழிகள் மீண்டும் மீண்டும் தவறின; மேற்பார்வையாளரின் கொடுமையும் அதற்கேற்ப மிகுந்தது. உடன்தொழிலாளரின் துயர் பொறாத தோங் பின் என்ற குயவர் 1599இல் எரியும் சூளையுட் பாய்ந்து உயிர்நீத்தார் என்றும், அதன் பின்னரே தாழி செவ்வனே அமைந்தது என்றும் மரபு கூறும். பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அரசு அனுப்பிய பான் சியாங் என்ற அதிகாரியின் நெருக்குதலுக்கு எதிராகத் தொழிலாளர் கிளர்ந்தெழுந்து அரச சூளைக் கட்டடங்களுக்குத் தீயிட்டனர். தோங் பின்னோ காலப்போக்கில் சூளைத் தெய்வமாக வழிபடப்பட்டார். கிளர்ச்சிக்கு அஞ்சிய அதிகாரம், மாண்ட தொழிலாளியைத் தெய்வமாக ஏற்பதில் தனக்கும் ஆதாயம் கண்டது எனக் கொள்வது பொருந்தும். வழிபாட்டிற்குரியவனாக உயர்த்தப்பட்டவனின் கூலியைப் பற்றி எவரும் கேட்பதில்லை.

பதினெட்டாம் நூற்றாண்டில் அரச சூளைகளை மேற்பார்வை செய்த தாங் யிங், பௌத்த மடமொன்றின் மதில் மூலையிற் கிடந்த பழுதுற்ற டிராகன் தாழியொன்றைக் கண்டார். வான்லி காலத்தில் அரண்மனைக்குத் தேறாது ஒதுக்கப்பட்ட தாழி அது. அதனைச் சுமந்துவரச் செய்து, தோங் பின்னின் கோயிலருகே மேடையிட்டு நிறுத்தினார்.

வான்லியின் சமாதியான திங்லிங்கிலும் டிராகன் தாழிகள் இருந்தன. 1956ஆம் ஆண்டில் தொடங்கிய அகழ்வில் வெளிப்பட்ட அவை, அவருடைய பாட்டனாரான ஜியாஜிங் பேரரசரின் ஆட்சிப் பெயரைத் தாங்கியவை. இறந்த மன்னனுக்கு அணையா விளக்காக எண்ணெய் நிரப்பி வைக்கப்பட்ட அத்தாழிகளில், எண்ணெய் எஞ்சியிருக்கவே சுடர் அவிந்திருந்தது.

சமாதியிலிருந்த தாழிகளையும் குயவரின் கோயிலருகே நின்ற தாழியையும் வனைந்தவை சூளைத் தொழிலாளரின் கைகளே. முன்னையவற்றின் காலத்தைக் கலத்திலுள்ள ஆட்சிப் பெயரே அறிவித்துவிடும். பின்னையதன் வரலாற்றை எழுதுவதற்கு, அதனைச் சுட்டவர்களின் வாழ்வையும் நாம் சான்றாகக் கொள்ளல் வேண்டும்.