பாம்புக்குப் பால் வார்த்த கதை

போன வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அரியலூர் பக்கம், செந்துறையிலிருந்து போன். சித்தி மகள். எனக்குத் தங்கை முறை.

''அண்ணே, உன் மருமகன் கொல்லையில ஒரு குட்டிப் பாம்பைப் பிடிச்சு ஹார்லிக்ஸ் பாட்டில்ல போட்டு வெச்சிருக்கான். வளர்க்கப் போறானாம். ரெண்டு ஸ்பூன் பால் ஊத்தினோம், சீந்தவே மாட்டேங்குது. நீதான் கண்டதையும் எழுதுறியே... அதுக்கு என்ன கொடுக்கணும்?''

நான் படித்தது பி.காம். டெபிட், கிரெடிட் கேட்டால் சொல்வேன். பாம்புக்கு மெனு கேட்டால்?

''பால் ஊத்தும்போது பாட்டிலைத் திறந்தீங்களா?''

''திறக்காம எப்படிண்ணே ஊத்துறது? குட்டிதானே, விஷம் ஏது?''

எனக்கு வியர்த்துவிட்டது. முட்டையிலிருந்து வெளியே வந்த அன்றே நல்லபாம்புக் குட்டி படம் எடுக்கும், கடிக்கவும் கடிக்கும். குட்டி என்பதால் அதன் விஷத்துக்கு டிஸ்கவுன்ட் எல்லாம் கிடையாது. ''மூடியைப் போட்டு, பையனைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, முதல்ல தீயணைப்பு நிலையத்துக்கு போன் போடு'' என்றேன். வண்டி வருகிற வரை தங்கையிடம் போனில் சொன்ன கதையைத்தான் இப்போது உங்களுக்கும் சொல்லப் போகிறேன்.

பெரம்பலூர், அரியலூர் பக்கம் நீங்கள் ஆடி மாதத்தில் போயிருக்கிறீர்களா? வேப்பமரத்தடிப் புற்றுக்கெல்லாம் மஞ்சள் பூசி, பால் ஊற்றி, முட்டை உடைத்து வைத்திருப்பார்கள். என் அம்மாவும் செய்தவர்தான். பக்தியைக் குறை சொல்லவில்லை. ஆனால், பாம்பு ஊர்வன இனம். அதன் வம்சத்திலேயே பால் கிடையாது, குடித்தாலும் செரிக்காது. முட்டையாவது பரவாயில்லை, சில பாம்புகள் பறவை முட்டையைத் தின்னும். அப்புறம் பாம்பாட்டி காட்டும்போது மட்டும் எப்படிக் குடிக்கிறது என்பீர்கள். பல நாள் தண்ணீர் காட்டாமல் காயப்போட்டு விடுவார்கள். தாகத்தில் பால் என்ன, எதை வைத்தாலும் வாயை வைக்கும். அந்தப் பால் நுரையீரலுக்குள் போய்ச் செத்த பாம்புகள் ஏராளம்.

சரி, அது என்னதான் தின்றது? அரியலூர்க்காரர்களிடம் இதைச் சொல்வது எளிது. சிமென்ட்டுக்கு நாம் வெட்டுகிற சுண்ணாம்புக்கல், ஒரு காலத்தில் கடலுக்கு அடியில் கிடந்தது. பக்கத்திலேயே கல்லமேட்டில் டைனோசர் எலும்புகள் கிடைத்தன. அதே டைனோசர் காலத்தைச் சேர்ந்த ஒரு பாம்பு, குஜராத்தில் கல்லாகிக் கிடந்தது. நீளம் மூன்றரை மீட்டர். படுத்திருந்த இடம், டைனோசரின் கூடு! உடைந்த முட்டை ஒன்றைச் சுற்றிச் சுருண்டிருந்தது. பக்கத்தில் அப்போதுதான் பொரிந்த குஞ்சு. இன்றைய பாம்பு மாதிரி அகலமாக வாய் திறக்க அதற்கு வராது. அதனால் முட்டையை விட்டுவிட்டு, குஞ்சு வெளியே வரக் காத்திருந்திருக்கிறது. 'சனஜே இண்டிகஸ்' என்று பெயர் வைத்து 2010ல் உலகுக்கு அறிவித்தார்கள். வயது, சுமார் 6 கோடியே 70 லட்சம் ஆண்டுகள். அன்றைக்கும் சைவம் இல்லை!

பாம்பை முறையாக வளர்த்த கதையும் நம் தமிழ்நாட்டில் உண்டு. கொடைக்கானலில் பள்ளி விடுதியில் படித்த ஓர் அமெரிக்கப் பையன், கட்டிலுக்கு அடியில் மலைப்பாம்பு வைத்திருந்தான். பெயர், ராமுலஸ் விட்டேகர். பிறகு அமெரிக்கா போய் மயாமியில் பாம்புப் பண்ணையில் வேலை கற்று, திரும்பி வந்து, 1969ல் சென்னைக்குப் பக்கத்தில் சேலையூரில் பாம்புப் பண்ணை தொடங்கினார். 1972ல் அது கிண்டிக்கு வந்தது. நீங்கள் ஸ்கூல் டூரில் பார்த்தது அதுதான்.

பாம்பு வளர்ப்பவர்கள் சொல்லும் விதிகள் வேடிக்கையானவை. பிறந்த குட்டி, முதல் சட்டை உரிக்கும் வரை பெரும்பாலும் எதையும் தொடாது. வயிற்றில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருவே போதும். அதற்குப் பிறகும் தினம் மூன்று வேளை கிடையாது. வாரத்துக்கு ஒரு தடவை என்றாலே குட்டிக்கு விருந்து. இரை, பாம்பின் உடம்பில் பருத்த இடத்தைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. உயிருள்ள எலியை உள்ளே விட்டால் எலி பாம்பைக் கடித்துக் குதறிவிடும் (ஆமாம், எலிதான்!). அதனால் வெளிநாட்டில் ஐஸில் வைத்த செத்த எலியை வெதுவெதுப்பாக்கி, நீளமான இடுக்கியில் பிடித்துக் கொடுப்பார்கள். தின்ற பிறகு ரெண்டு நாள் தொடவே கூடாது. தொட்டால் கக்கிவிடும். செரிக்க வெப்பமும் வேண்டும்.

உடனே எலி தேடிக் கிளம்பிவிடாதீர்கள். 1972ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம்மூர்ப் பாம்பை வீட்டில் வளர்ப்பது குற்றம். விட்டேகர் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தது, சட்டம் வருவதற்கு முன்னால்.

அந்தச் சட்டத்துக்கு முன்பு பாம்புக்கு இங்கே என்ன மதிப்பு? தோல்தான். இருளர்கள் பிடித்துக் கொடுப்பார்கள். கைக்குச் சில ரூபாய் வரும். தோல், பையாகவும் செருப்பாகவும் கப்பல் ஏறும். பி.காம் புத்தியில் கணக்குப் போட்டால் வரவு அவ்வளவுதான். எலியைத் தின்ன ஆள் இல்லாமல் வயலில் போன நெல்லை யாரும் செலவில் எழுதவே இல்லை. 1976ல் பாம்புத்தோல் ஏற்றுமதிக்குத் தடை வந்தது. நியாயமான தடைதான். ஆனால், இருளர் வீட்டு அடுப்பு?

அந்தக் கேள்விக்குப் பதிலாக 1978ல் விட்டேகரும் இருளர்களும் சேர்ந்து உருவாக்கியதுதான் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம். மாமல்லபுரம் போகிற வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. வனத்துறை அனுமதியோடு நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கையும் பிடிப்பார்கள். மண்பானையில் சில வாரம் வைத்து, விஷம் எடுத்துவிட்டு, திரும்பக் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். அந்த விஷத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குதிரைக்கு ஏற்றி, அதன் ரத்தத்திலிருந்துதான் விஷமுறிவு மருந்து தயாராகிறது. இந்தியாவில் பாம்புக்கடியால் வருடத்துக்குச் சுமார் 58,000 பேர் இறக்கிறார்கள் என்று 2020ல் ஓர் ஆய்வு வந்தது. மருந்து இல்லாவிட்டால் அந்த எண் எங்கே போய் நிற்கும்?

இந்த இருளர்களை 2017ல் அமெரிக்கா கூப்பிட்டது. ஃபுளோரிடாவில், ஆசையாகக் குட்டியாய் வாங்கி எலி போட்டு வளர்த்த பர்மிய மலைப்பாம்புகள் பத்தடி, பன்னிரண்டடி ஆனதும், பயந்துபோய்ச் சதுப்பு நிலத்தில் விட்டுவிட்டார்கள். அவை பெருகி, முயல், ரக்கூன் வகையறா ஒன்றையும் விடவில்லை. மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரும் போய், கையில் கடப்பாரையும் கண்ணில் கூர்மையுமாக நான்கு வாரத்தில் 27 மலைப்பாம்புகளைப் பிடிக்க உதவினார்கள். 2023ல் இருவருக்கும் பத்மஸ்ரீ.

இந்த இடத்தில் தங்கை, ''வண்டி வந்துருச்சுண்ணே'' என்று போனை வைத்துவிட்டாள். சாயங்காலம்தான் மறுபடி பேசினாள். பாட்டிலில் இருந்தது கண்ணாடிவிரியன் குட்டி. எடுத்துப்போன தீயணைப்பு வீரர், பையனின் கை இரண்டையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ''இது முட்டை போடாதும்மா, குட்டி போடுற ஜாதி. ஒரு தடவைக்கு முப்பது, நாப்பது. மத்ததெல்லாம் உங்க கொல்லையிலதான் கிடக்கும்'' என்றாராம்.