எட்டாவது வள்ளல்

கடையெழு வள்ளல்களைப் படிப்பிக்கும்போது, எட்டாமவராக இலண்டன் சிற்பி பிரெடரிக் ஸ்கொட் ஆர்ச்சரையும் நான் சொல்வதுண்டு. 1851 இல் அவர் வெளியிட்ட ஒளிப்பட முறையில், கொலோடியன் என்னும் பசைக்கரைசல் பூசிய கண்ணாடித் தட்டை வெள்ளி நைத்திரேற்றில் தோய்த்து, ஈரம் உலருமுன் படம்பிடித்துக் கழுவவேண்டும். தாமதித்தால் தட்டு வீண். வெளியூர் சென்றோர் இருட்டறைக் கூடாரத்தையும் உடன் சுமந்தனர். ஆர்ச்சரோ கமராவுக்குள்ளேயே கைநுழைத்துத் தட்டைத் தயாரிக்கவும் கழுவவும் வழிசெய்தார், கமராவே இருட்டறையாயிற்று. கொலோடியன் முறைக்கு அவர் ஆக்கவுரிமை பெறவில்லை. அதனாற் பிறர் செல்வம் சேர்த்தனர். அவரோ 1857 இல் வறியவராய் மறைந்தார். முல்லைக்குத் தேரீந்தவனை நாம் மறக்கவில்லை; உலகுக்குத் தம் வித்தையை ஈந்தவரையும் மறவாதிருப்போம்.