பேரேட்டில் ஏறிய உயிர்கள்

தோட்டத்து ஆபீசில் கிராணியாக இருந்தவனுக்கு எதைப் பார்த்தாலும் வரவா செலவா என்றுதான் கேட்கத் தோன்றும். புக்கிட் ரோத்தானுக்கும் பத்தாங் பெர்ஜுந்தைக்கும் இடையில், ரப்பராக இருந்து செம்பனையாக மாறிய ஒரு தோட்டத்தில் செக்ரோல் என்னும் ஆள்கணக்கு எழுதியே எனக்குத் தலை நரைத்தது. கோலசிலாங்கூர் வட்டாரத்தில் எந்த உயிர் பிழைத்தது, எது போனது என்று கேட்டால் நான் காட்டைப் பார்த்துப் பதில் சொல்வதில்லை. பேரேட்டைப் பார்த்துச் சொல்வேன். வரவுப் பக்கம் ஏறியது பிழைத்தது, செலவுப் பக்கம் ஏறியது போனது. பக்கம் மாறிய உயிர்களும் உண்டு. அவற்றின் கதையைத்தான் சொல்ல வேண்டும்.

இப்போதெல்லாம் விளையாட்டு வீரர்கள் விலங்குகளுக்காக அறக்கட்டளை நடத்துகிறார்கள். விராட் கோலியின் அறக்கட்டளை 2021இல் மும்பையில் தெருநாய்கள் போன்ற ஆதரவற்ற விலங்குகளின் சிகிச்சைக்கு உதவ முன்வந்தது. இங்கிலாந்துக்கு ஆடிய கெவின் பீட்டர்சன் காண்டாமிருகங்களுக்காக ஓர் அமைப்பை உண்டாக்கினார். அனில் கும்ளே கர்நாடக வனவிலங்கு வாரியத்தின் துணைத் தலைவராக இருந்திருக்கிறார். இது புதுப் பழக்கம் என்று கடைத்தெருவில் காப்பி குடிக்கும் என் நண்பர்கள் சொல்கிறார்கள். மலாயாவைப் பொறுத்தவரை இது நூறு வருஷத்துப் பழக்கம்.

தியோடோர் ஹபேக் 1872இல் பிறந்த ஆங்கிலேயர். 1892இல் லங்காஷயர் அணிக்காக முதல்தர கிரிக்கெட் ஆடியவர். கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் மஸ்ஜித் ஜாமெக்கையும் வரைந்த ஆர்தர் பெனிசன் ஹபேக் இவருடைய அண்ணன், அவரும் கிரிக்கெட்காரர்தான். தியோடோர் மலாயாவுக்கு வந்து கட்டுமான ஒப்பந்தம் எடுத்தார், ரப்பர் நட்டார், யானையையும் செலாடாங் என்னும் காட்டு மாட்டையும் வேட்டையாடினார். அந்த வேட்டையைப் பற்றி 1905இல் ஒரு புத்தகமே எழுதினார். சுட்டவர்தான் பிறகு காவலரானார். 1930இல் தொடங்கிய மலாயா வனவிலங்கு ஆணையத்தை நடத்தி, ஊர் ஊராகச் சாட்சியம் கேட்டு, 1932இல் மூன்று தொகுதிகளாக அறிக்கை கொடுத்தார். பகாங், கிளந்தான், திரெங்கானு மூன்றும் சந்திக்கும் காட்டில் 1938-39இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் தேசியப் பூங்கா உருவானது. இன்று அதற்குத் தாமான் நெகாரா என்று பெயர், பரப்பு 4,343 சதுர கிலோமீட்டர். ஜப்பான்காரன் மலாயாவைப் பிடித்த 1942இல் ஹபேக் இறந்தார்.

அவருடைய பூங்கா மலைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. வட சிலாங்கூரின் தாழ்நிலத்தை அதற்குள் பங்கு போட்டு முடித்திருந்தார்கள். கடலோரம் தென்னை, மேட்டில் ரப்பர், பத்தாங் பெர்ஜுந்தை பள்ளங்களில் ஈயக்கப்பல், தஞ்சோங் காராங் சதுப்பில் நெல். 1905இல் மலாயா வந்த பிரெஞ்சுக்காரர் ஆன்றி ஃபோகோனியே சிலாங்கூர் ஆற்றோரம் ரந்தாவ் பாஞ்சாங்கில் தோட்டம் போட்டார். அலங்காரத்துக்காக அவர் நட்ட ஆப்பிரிக்கப் பனையின் வழிவந்த கன்றுகள் 1917இல் தென்னமரம் தோட்டத்தில் வரிசையாக இறங்கின. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். காட்டை வெட்டியதும் குழி தோண்டியதும் எங்கள் தாத்தன்மார். யானை ஓர் இரவு இறங்கிக் கன்றுகளை மிதித்தால் அது நஷ்டக் கணக்கு. புலி மாட்டை அடித்தாலும் அப்படியே. இந்தப் பக்கத்தில் பெரிய விலங்குக்கு வரவுப் பத்தி என்று ஒன்று இருந்ததே இல்லை.

ஆனால் மாடு இருந்தது. லயத்துக்குப் பின்னால் அத்தாப்பு வேய்ந்த கொட்டில். விடியுமுன் கறவை, அப்புறம் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு. அம்மா மாட்டுப் பாலைக் கறந்து வைத்துவிட்டு மரத்துப் பாலுக்கு ஓடுவார். அப்பா சைக்கிளில் பால் டின்னைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போவார். மாசச் சம்பளம் கடைக்காரன் கடனுக்குச் சரியாகப் போகும். அக்கா கல்யாணமும் என் ஆறாம் வகுப்புக்குப் பிந்திய படிப்பும் மாட்டுக் காசில் நடந்தவை. ரப்பர் நிரைகளுக்கு நடுவே மாடு மேய்வதை நிர்வாகமும் தடுக்கவில்லை. மேய்ந்த இடத்தில் புல்வெட்டுச் சம்பளம் மிச்சம். மாட்டுப் பொங்கலுக்குத் துரை வந்து மாலை வாங்கிக்கொண்டு, கொம்புக்கு வர்ணம் அடித்திருப்பதைப் பார்த்து, பொங்கல் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டுப் போவார்.

மேய்ச்சல் முடிந்து மாடுகள் படுக்கும் இடம் பந்துத் திடல். சனிக்கிழமை பக்கத்துத் தோட்டத்தோடு ஆட்டம் என்றால், மத்தியானமே கோல் கம்பத்துக்கு முன்னால் கிடக்கும் சாணியை வாருவது எங்களைப் போன்ற பொடியன்களின் வேலை. வாரிய சாணி கோயிலுக்குப் பின்னால் இருந்த கீரைப் பாத்திக்குப் போகும். திடல் மாட்டுக்காரர்களுக்கா ஆட்டக்காரர்களுக்கா என்று சண்டை வந்ததில்லை. கோல்கீப்பர் வீட்டிலேயே நாலு மாடு நின்றது.

ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது கணக்குப் புரண்டது. செம்பனைக் கன்றின் குருத்து மாட்டுக்குக் கற்கண்டு. கன்று ஒன்று போனால் விதை, நாற்றங்கால், குழி, கூலி எல்லாம் சேர்ந்து செலவுப் பக்கத்தில் விழும். மாடுகளை அகற்ற வேண்டும் என்று நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தது. தமிழில் எழுதிப் பிரட்டுக் களத்தில் ஒட்டினார்கள். முதலில் அபராதம், அடுத்து, பிடித்த மாட்டைக் கட்டி வைத்துப் பணம் கட்டினால் விடுவது, கடைசியில் லாரிக்காரன். எங்கள் வீட்டில் விலை பேச அம்மா வெளியே வரவில்லை. அப்பா பேசினார். வந்த விலையில் அடுப்படிக்குச் சிமெண்டுத் தரை போட்டோம்.

இதில் ஒரு வேடிக்கை பின்னால் வந்தது. பனை வளர்ந்து குருத்து எட்டாத உயரத்துக்குப் போனபின், அடியில் மாடு மேய்ந்தால் களைக்கொல்லிச் செலவு குறைகிறது என்று ஆராய்ச்சியாளர்கள் கண்டு சொன்னார்கள். செம்பனைக்குள் மாடு வளர்க்கும் திட்டங்கள் வந்தன. நடுவில் இருந்த வருஷங்களில் அந்த வேலையை முதுகில் பம்பு கட்டிய பெண்கள் பாராகுவாட் அடித்துச் செய்தார்கள். விரல் நகம் கழன்ற கைகளைச் சம்பள நாளில் மேசைக்கு எதிரே பார்த்திருக்கிறேன். அந்த மருந்து மலேசியாவில் 2020இல்தான் தடை செய்யப்பட்டது.

மாடு வரவிலிருந்து செலவுக்குப் போனது என்றால், ஆந்தை எதிர்த்திசையில் வந்தது. செம்பனை வந்ததும் எலி பெருகியது. கீழே உதிரிப் பழம், மேலே குலை, பதுங்க ஓலை இடுக்கு. எலிக்கு வேறென்ன வேண்டும்? விளைச்சலில் நூற்றுக்கு ஐந்து பங்கு வரை எலி தின்றுவிடும் என்று கணக்கிட்டிருந்தார்கள். மெழுகில் பிசைந்த விஷக் கட்டிகளை மரத்துக்கு மரம் வைத்துக்கொண்டு போக ஆள் போட்டோம். சில வருஷத்தில் வார்ஃபரின் தின்ற எலி சாகாமல் நடமாட ஆரம்பித்தது. அந்தக் காலத்தில்தான், 1970களிலும் 80களிலும், தீபகற்பத்தில் அதற்குமுன் அபூர்வமாக இருந்த கூகை என்ற ஆந்தை செம்பனைத் தோட்டங்களில் பெருகுவதை ஆராய்ச்சியாளர்கள் கவனித்தார்கள். மரப்பொந்து இல்லாத தோட்டத்தில் அதற்குத் தேவைப்பட்டது ஒரு பெட்டி.

பலகை, ஆணி, கம்பம், தச்சன் கூலி என்று எங்கள் பேரேட்டிலும் ஒரு தலைப்பு முளைத்தது. பெட்டி நட ஆள் பிரிக்கும்போது பிரட்டில் சலசலப்பு. முன்வரிசையில் நின்ற ஒரு கிழவி என்னைப் பார்த்து, “கிராணி ஐயா, சாக்குருவிக்கு வீடு கட்டிக் குடுக்கச் சொல்றாரே துரை, அவர் பொஞ்சாதி புள்ள எல்லாம் நல்லாத்தானே இருக்கு?” என்று கேட்டாள். வீட்டுக் கூரையில் ஆந்தை உட்கார்ந்தால் உப்பும் மிளகாயும் சுற்றி அடுப்பில் போடும் சனம். பதில் சொல்ல மண்டோருக்கும் வாய் வரவில்லை.

வெள்ளை முகமும் ஓசையில்லாத இறகும் கொண்ட அந்தப் பறவை குஞ்சு பொரித்தால் ஒரு ஜோடி வருஷத்துக்கு ஆயிரம் எலிக்கு மேல் பிடிக்கும் என்று அதிகாரிகள் சொன்னார்கள். நான் எலியை எண்ணவில்லை. பெட்டிக்கு அடியில் ஆந்தை கக்கிப் போட்ட உருண்டைகளைக் குச்சியால் கிளறிப் பார்த்திருக்கிறேன்: ரோமம், தாடை எலும்பு, பல். பத்து ஹெக்டேருக்கு ஒரு பெட்டி என்ற கணக்கில் நட்டு, விஷக் கட்டி வாங்கும் பில் சுருங்கியதும், நிர்வாகம் ஆந்தையைச் சொந்தக்காரனைப் போல மதித்தது. சனங்களும் மாறினார்கள், பெட்டியில் கல்லெறிந்த பையனைக் குலை வெட்டுகிறவர்களே அதட்டினார்கள். சிக்கிஞ்சான், தஞ்சோங் காராங் வயல்களிலும் இன்று அந்தப் பெட்டிகள் நிற்கின்றன.

அதிலும் ஒரு சறுக்கல் உண்டு. வார்ஃபரினுக்கு மசியாத எலிக்காக இன்னும் கடுமையான விஷம் சந்தைக்கு வந்தது. அதைத் தின்ற எலி உடனே சாகாது, தள்ளாடிக்கொண்டு திரியும், ஆந்தைக்கு எளிதாக அகப்படும். அப்படி ஆந்தைகள் செத்துக் குறைந்ததை மலேசியத் தோட்டங்களிலிருந்தே 1980களில் எழுதி வைத்திருக்கிறார்கள். விலைப்பட்டியலில் மலிவாக இருந்த மருந்து, சம்பளம் கேட்காத காவல்காரனைக் கொன்றது. வரவுப் பக்கத்தில் இருக்கும் உயிருக்கும் நிரந்தரப் பட்டா கிடையாது என்பது அப்போது எனக்கு விளங்கியது.

கோலசிலாங்கூர் ஊருக்குள் வந்தால் நிலைமை கொஞ்சம் வேறு. டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து அடுத்த ஆண்டே சுல்தான் இப்ராஹிமிடம் இழந்த கோட்டை புக்கிட் மலாவத்தியில் இருக்கிறது. 1907ஆம் ஆண்டுக் கலங்கரை விளக்கத்தைச் சுற்றி லோத்தோங் குரங்குகள் உட்கார்ந்திருக்கும். தாய் சாம்பல், குட்டி தங்க நிறம். ஞாயிற்றுக்கிழமை வேனில் வரும் குடும்பங்கள் கச்சான் வாங்கிக் கொடுக்கும். இலை தின்று வாழும் குரங்குக்குக் கச்சானும் ரொட்டியும் ஆகாது என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. கச்சான் விற்பவருக்கும் பிழைப்பு இருக்கிறது. மலையடிவாரத்தில் கரைக்கட்டுக்கு இரு பக்கமும் உள்ள அலையாத்திக் காட்டை 1987இல் மாநில அரசு தாமான் அலாம் என்னும் இயற்கைப் பூங்காவாக ஆக்கியது. 1940இல் தொடங்கிய இயற்கைச் சங்கம் அதைப் பார்த்துக்கொள்ள முன்வந்தது. தூரதேசத்துப் பறவைகள் இறங்கும் சேறு அது. 

ஆற்றுக்கு அப்படி ஒரு பாதுகாப்பு உடனே அமையவில்லை. காம்போங் குவாந்தானில் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரம்பாங் மரங்களில் ராத்திரி மின்மினிகள் ஒரே தாளத்தில் மின்னும். மலாய்க்காரர்கள் துடுப்புச் சம்பானில் நாலு நாலு பேராக ஏற்றிக்கொண்டு போய்க் காட்டுவார்கள். மோட்டார் போடக்கூடாது என்று அவர்களே கண்டிப்பாக இருந்தார்கள், அது வயிற்றுக் கண்டிப்பு. பூச்சி போனால் படகுக்கு வேலை இல்லை. ஆனால் பூச்சியின் குடித்தனம் மரத்தில் மட்டும் இல்லை. புழுப் பருவத்தில் அது மரத்துக்குப் பின்னால் உள்ள ஈர நிலத்தில் நத்தை தின்று வளர்கிறது. கரையில் ஒரு வரிசை பெரம்பாங்கை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் செம்பனை வைத்தாலும், ஒளி வீசும் மரம் மிஞ்சும், ஒளி வீசும் பூச்சி மிஞ்சாது. நிலமோ படகோட்டியுடையது அல்ல. அவர் வரவு இன்னொருவர் நிலத்தில் விளைகிறது.

ஆற்றின் மேற்பகுதியில் கோல குபு பாருவில் 2000ஆம் ஆண்டையொட்டி அணை எழுந்தபோது, நல்ல தண்ணீர் குறைந்து உப்பு ஏறினால் பெரம்பாங்கும் நத்தையும் என்னாகும் என்று இயற்கை ஆர்வலர்கள் எதிர்த்தார்கள். அணை கட்டி முடிந்தது. 2009இல் சிலாங்கூர் அரசு மின்மினிக் கரைப் பகுதியை நீர் நிர்வாக வாரியச் சட்டத்தின்கீழ்ப் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தது. கரையில் மரம் வெட்டுவது யார் விருப்பம் என்ற கேள்விக்குச் சட்டத்தில் ஒரு பதில் வந்தது.

பிழைப்போடு கட்டிய பாசம் உறுதியானது என்று என் சிநேகிதர்கள் சொல்வார்கள். பாதி உண்மை. மாட்டை எங்கள் சனத்தைவிட நேசித்தவர்கள் இல்லை, ஆனால் நிலம் அவர்கள் கையில் இல்லாததால் ஒரு நோட்டீசில் முடிந்தது. ஆந்தைக்கு அதன் வேலையே கேடயம், ஒரு புது மருந்தின் விலையில் அது உடைந்தது. ஹபேக் காப்பாற்றிய செலாடாங் யாருக்கும் ஒரு காசு சம்பாதித்துக் கொடுக்கவில்லை, எனவே அதற்குச் சட்டமும் ஒரு பெயருடைய மனிதரின் பிடிவாதமும் தேவைப்பட்டன. ஆட்டக்காரரின் புகழுக்கும் அறக்கட்டளைக்கும் உள்ள வேலை அங்கேதான்: கணக்குப் புரளும் நாளில் உயிரின் பக்கம் நின்று வித்தியாசத்தைக் கட்டுவது.

அப்படி ஒரு வீரர் கோலசிலாங்கூர் பக்கம் வந்தால் படத்துக்கு நிற்கச் சொல்ல மாட்டேன். ஆற்றோரம் நிலம் வைத்திருப்பவர்களின் பட்டியலை எடுக்கச் சொல்வேன். கரையிலிருந்து உள்ளே இரண்டு நிரை செம்பனை மாசத்துக்கு எத்தனை குலை கொடுக்கும், மில்லில் அன்றைய விலை என்ன, வெட்டுக்கூலியும் உரமும் கழித்தால் கையில் நிற்பது எவ்வளவு என்று பார்த்து, அந்தத் தொகையை நிலக்காரருக்கு வருஷா வருஷம் கொடுத்து அந்த இரண்டு நிரையைக் காடாக விடச் சொல்ல வேண்டும். கணக்கைப் போட்டுத் தர ஆள் தேவைப்பட்டால் நான் இருக்கிறேன். சம்பளம் வேண்டாம், ஒழுங்காக ரசீது வைத்தால் போதும்.